ரோட்டு இங்கிலீஷ்: உயிர் காக்கும் இருபது சொற்கள்!

"ரைட்!" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். பஸ் கிளம்புகிறது.

"ரைட்டில் ஒடி!" என்று கிளீனர் கத்துகிறார். லாரி வலது பக்கம் திரும்புகிறது.

ஒரே சொல்தான். ஒரு இடத்தில் அதற்கு "போகலாம்" என்று அர்த்தம். இன்னொரு இடத்தில் "வலது பக்கம்" என்று அர்த்தம்!

"ஓல்டேன்!" என்றால் பஸ் நிற்கிறது. அது என்ன சொல்? "ஹோல்ட் ஆன்" என்ற இங்கிலீஷ் சொல்தான் நம் ஊர்க் கண்டக்டர்கள் வாயில் அப்படி உருமாறிவிட்டது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று சொல்பவர்கூட பிரேக், கியர், பஞ்சர், சிக்னல், பைபாஸ், ஜங்ஷன் என்று நாள் முழுவதும் இங்கிலீஷ்தான் பேசுகிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரோடு சொல்லிக் கொடுத்தது!

ஆனால் காதால் கேட்டுப் பழகிய இங்கிலீஷ் வேறு. கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டிய இங்கிலீஷ் வேறு. ரோட்டு ஓரத்தில் நிற்கும் பலகை வாய் திறந்து பேசாது. எழுத்தாலும் படத்தாலும்தான் பேசும். அது சொல்வது புரியாவிட்டால் ஆபத்து.

ஆலங்குளம் ரோடு

விருதுநகர் மாவட்டத்தில் ஆலங்குளம் இருக்கிறது. தென்காசிப் பக்கத்திலும் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. இது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஆலங்குளம். 1970-ம் ஆண்டில் தொடங்கிய சர்க்கார் சிமெண்டு ஆலையால் பெயர் பெற்ற ஊர்.

இந்த வட்டாரத்தில் ரோட்டில் போவது என்னென்ன? சிமெண்டு லாரி, ராஜபாளையத்து நூல் மூட்டை, சிவகாசிப் பட்டாசும் தீப்பெட்டியும் ஏற்றிய லாரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைத் தரிசிக்க வரும் பஸ், மில் வேலைக்குப் போகிறவரின் சைக்கிள், ஆட்டு மந்தை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எல்லாம் ஒரே ரோட்டில்!

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் இணைக்கும் பெரிய ரோடு, திருமங்கலத்தில் இருந்து செங்கோட்டை வழியாகக் கேரளத்துக் கொல்லம் வரை போகிறது. அதற்குப் பழைய எண் 208. இப்போதைய எண் 744. மலையாளம் பேசும் டிரைவரும் இந்த வழியாக வருகிறார். தமிழ் டிரைவரும் இந்த வழியாகக் கேரளம் போகிறார்.

இந்த ரோட்டை நான்கு வழியாக அகலப்படுத்தும் வேலையும் அண்மை ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ரோடு வேலை நடக்கும் இடத்தில் முதலில் முளைப்பது என்ன? பலகைதான். "டேக் டைவர்ஷன்", "மென் அட் வொர்க்", "கோ ஸ்லோ" என்று இங்கிலீஷில் எழுதி நட்டுவிடுகிறார்கள். படிக்கத் தெரிந்தவர் திரும்புகிறார். தெரியாதவர் நேரே போகிறார். நேரே என்ன இருக்கிறது? வெட்டிப் போட்ட பள்ளம்!

தினம் 49 உயிர்கள்

இந்தியா முழுவதும் 2022-ம் ஆண்டில் ரோட்டு விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 பேர்! ஒரு பஸ் நிறைய ஜனங்கள்!

இத்தனையும் பலகை படிக்காததால் வந்தவை என்று சொல்ல முடியாது. அதிக வேகம்தான் பெரிய காரணம் என்று சர்க்கார் அறிக்கை கூறுகிறது. ஆனால் ரோட்டு ஓரப் பலகைகளில் பெரும்பாலானவை சொல்வது என்ன? "வேகத்தைக் குறை" என்பதைத்தான் பல விதமாகச் சொல்கின்றன. பள்ளிக்கூடம் என்று சொல்லிக் குறைக்கச் சொல்கின்றன. பாலம் என்று சொல்லிக் குறைக்கச் சொல்கின்றன.

எல்.எல்.ஆர். வாங்கப் போகிறவரிடம் இந்த அடையாளங்களைக் கேட்கிறார்கள். நூற்றுக்கு 60 பங்கு கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் தேர்வு. ஆனால் நடந்து போகிறவருக்கும், சைக்கிளில் போகிறவருக்கும், மாட்டு வண்டிக்காரருக்கும் எந்தப் பரீட்சையும் கிடையாது. ரோடு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்!

ஐந்து சாவிகள்

இருபது சொற்களையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டியது இல்லை. ஐந்து சின்னச் சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். மற்றவை தானாகத் திறந்துகொள்ளும்.

நோ: கூடாது.

கோ: போ.

ஸ்லோ: மெதுவாக.

கீப்: விடாமல் கடைப்பிடி.

அஹெட்: முன்னால் வருகிறது.

"அஹெட்" என்பதைத் "தலை" என்று பள்ளிப் பிள்ளைகள் படித்துவிடுவது உண்டு. அது தலை அல்ல. "ஸ்கூல் அஹெட்" என்றால் முன்னால் பள்ளிக்கூடம் வருகிறது. "டைவர்ஷன் அஹெட்" என்றால் முன்னால் மாற்றுப் பாதை வருகிறது. ஒரு சாவி, பல பூட்டு!

இனி இருபது சொற்களையும் பார்ப்போம்.

நில்! போகாதே!

1. ஸ்டாப்: நில். நம் பேச்சில் "அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும்" என்கிறோம். அது பஸ் நிற்கும் இடம். எட்டு மூலையுள்ள சிவப்புப் பலகையில் இந்தச் சொல் இருந்தால் அது கட்டளை. வண்டியை முழுக்க நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்த பிறகே போக வேண்டும்.

2. நோ என்ட்ரி: உள்ளே போகாதே. சிவப்பு வட்டத்தின் நடுவே வெள்ளைப் பட்டை இருக்கும்.

3. ரோடு குளோஸ்டு: ரோடு அடைக்கப்பட்டிருக்கிறது.

4. டெட் எண்டு: இதற்கு மேல் வழி இல்லை. முட்டுச் சந்து. "டெட்" என்றால் சாவு என்று பயப்பட வேண்டாம். சந்துதான் முடிகிறது!

5. டேஞ்சர்: அபாயம். காரணம் கேட்க வேண்டாம். விலகி நிற்க வேண்டும்.

மெதுவாக!

6. கோ ஸ்லோ: மெதுவாகப் போ.

7. டெட் ஸ்லோ: மிக மிக மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில் போ.

8. ஸ்பீடு பிரேக்கர்: வேகத்தடை. இருசக்கர வண்டியின் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய சொல் இது.

9. ஸ்கூல் அஹெட்: முன்னால் பள்ளிக்கூடம். பிள்ளைகள் எந்த நேரமும் குறுக்கே ஓடி வரலாம்.

10. மென் அட் வொர்க்: ஆட்கள் வேலை செய்கிறார்கள். மண்வெட்டியோடு ஒரு மனிதன் குனிந்து நிற்கும் படம் இருக்கும்.

ரோடு எப்படி இருக்கிறது?

11. நேரோ பிரிட்ஜ்: குறுகிய பாலம். எதிரே வண்டி வந்தால் பாலத்துக்கு இப்பாலே நின்றுகொள்ள வேண்டும்.

12. ஸ்லிப்பரி ரோடு: வழுக்கும் ரோடு. மழை பெய்யத் தொடங்கிய முதல் சில நிமிஷங்கள் மிகவும் மோசமானவை. ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும்.

13. லூஸ் கிராவல்: ஒட்டாமல் கிடக்கும் ஜல்லி. திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் சறுக்கும்.

14. ஸ்டீப் அசென்ட், ஸ்டீப் டிசென்ட்: முதலாவது செங்குத்தான ஏற்றம். இரண்டாவது செங்குத்தான இறக்கம். காதுக்கு இரண்டும் ஒன்று போல இருக்கும். காலுக்கு ஒன்று அல்ல!

15. பாலிங் ராக்ஸ்: கல் உருண்டு விழும் இடம். மலை ரோடுகளில் இருக்கும். அங்கே வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கக் கூடாது.

யார் முதலில்? எந்தப் பக்கம்?

16. கிவ் வே: வழி விடு. தலைகீழ் முக்கோணம். நீங்கள் சேரப் போகும் ரோட்டில் வருகிறவருக்கு முதல் உரிமை. அவரை விட்ட பிறகே நீங்கள் நுழையலாம்.

17. ஒன் வே: ஒரு வழிப் பாதை.

18. டேக் டைவர்ஷன்: மாற்றுப் பாதையில் திரும்பு.

19. நோ ஓவர்டேக்கிங்: முந்தாதே. வளைவிலும் பாலத்திலும் இந்தப் பலகையை மதிக்காமல் முந்துகிறவர், எதிரே யார் வருகிறார் என்று தெரியாமலே உயிரைப் பந்தயம் வைக்கிறார்.

20. கீப் லெப்ட்: இடது பக்கமாகவே போ.

இருபதோடு இன்னொன்று

பெட்ரோல் ஏற்றிய டாங்கர் லாரியின் பின்னால் "ஹைலி இன்பிளேமபிள்" என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

இங்கிலீஷில் "கரெக்ட்" என்றால் சரி. "இன்கரெக்ட்" என்றால் சரி அல்ல. முன்னால் "இன்" வந்தால் "அல்ல" என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அப்படியானால் "இன்பிளேமபிள்" என்றால் தீப்பிடிக்காது என்றா அர்த்தம்?

இல்லவே இல்லை! சட்டென்று தீப்பிடிக்கும் என்று அர்த்தம்! இந்தச் சொல்லில் வரும் "இன்" இல்லை என்று சொல்வது அல்ல. தீ மூட்டுவதைக் குறிக்கும் பழைய சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. அரைகுறை இங்கிலீஷ் எவ்வளவு ஆபத்து பாருங்கள்! இந்தக் குழப்பம் இங்கிலீஷ்காரர்களுக்கே வந்தது. அதனால் "இன்" இல்லாமல் வெறும் "பிளேமபிள்" என்றே எழுதும் வழக்கம் பல நாடுகளில் பரவியது.

டாங்கர் கவிழ்ந்தால் ஒழுகும் பெட்ரோலைப் பிடிக்கக் குடத்தோடு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்தவர் எதிர்ப்பக்கம் ஓடுவார்!

பெட்ரோல், காஸ், வெடிமருந்து போன்ற அபாயமான சரக்கை ஏற்றிப் போகும் டிரைவருக்கு ஒரு தனி நிபந்தனை உண்டு. அரசியல் சட்டத்தின் 8-வது அட்டவணையில் உள்ள ஏதாவது ஓர் இந்திய மொழியோடு இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. சிவகாசிப் பக்கத்து மக்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் மற்ற லாரி, பஸ் டிரைவர்களுக்கு? 8-ம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2019-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் அதை எடுத்துவிட்டது. படிப்பு இல்லாவிட்டாலும் திறமை உள்ளவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். வயிற்றுப் பிழைப்புக்குக் குறுக்கே சுவர் கட்டக் கூடாது. ஆனால் படிக்காத டிரைவருக்கும் புரியும்படி ரோட்டை வைப்பது அதற்குப் பிறகு சர்க்காரின் கடமை ஆகிறது அல்லவா?

மின்சாரத்துக்கு ஒரு நியாயமா?

மின்சாரக் கம்பத்தையும் டிரான்ஸ்பார்மரையும் பாருங்கள். மண்டை ஓடு, எலும்பு, அதோடு "அபாயம்" என்று தமிழ் எழுத்து. 1956-ம் ஆண்டு மின்சார விதிகளிலேயே இது இருந்தது. அபாய அறிவிப்பு இந்தியிலோ இங்கிலீஷிலோ இருந்தால் மட்டும் போதாது. அந்த மாவட்டத்து மொழியிலும் இருக்க வேண்டும், மண்டை ஓட்டுப் படமும் இருக்க வேண்டும் என்று அந்த விதி கூறியது. பின்னால் வந்த விதிகளும் அதையே கூறுகின்றன.

சிங்கப்பூரில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் அபாயப் பலகை நான்கு மொழிகளில் இருக்கும். இங்கிலீஷ், சீனம், மலாய், அதோடு தமிழ்! கடல் கடந்த ஊரில் தமிழனுக்குத் தமிழில் எச்சரிக்கை. தமிழ்நாட்டு ரோட்டில் வெட்டிய பள்ளத்துக்கு இங்கிலீஷில் மட்டும் எச்சரிக்கையா?

"தமிழிலேயே எழுதிவிட்டால் போதுமே, இங்கிலீஷ் எதற்கு?" என்றும் சிலர் கேட்கலாம். அதுவும் சரி அல்ல. வடக்கே இருந்து வரும் லாரி டிரைவருக்குத் தமிழ் தெரியாது. நம் ஊர் டிரைவர் ஆந்திராவுக்கும் மகாராஷ்டிராவுக்கும் போனால் அந்த ஊர் எழுத்து தெரியாது.

இந்தச் சிக்கல் உலகத்துக்குப் புதிது அல்ல. மோட்டார் வண்டிகள் நாடு விட்டு நாடு போகத் தொடங்கியதும் ஐரோப்பாவிலும் வந்தது. 1909-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பல நாட்டார் கூடி ஒப்பந்தம் செய்தார்கள். எழுத்தே வேண்டாம், படம் போதும் என்று நான்கு அடையாளங்களை ஏற்றுக்கொண்டார்கள். மேடு பள்ளம், வளைவு, நாற்சந்தி, ரயில்வே கேட். அந்த நான்கில் இருந்துதான் இன்றைய படங்கள் பெருகின. 1968-ம் ஆண்டில் வியன்னாவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இந்தியா 1980-ம் ஆண்டில் சேர்ந்தது.

ஆகவே முறை இதுதான். முதலில் படம். அடுத்து அந்த ஊர் மொழி. அதற்கும் கீழே இங்கிலீஷ். மூன்றும் இருந்தால் யாருக்கும் குறை இல்லை.

பலகையில் ஏறினால் வாயில் ஏறும்

"தமிழில் எழுதினால் யாருக்குப் புரியும்?" என்று கேட்பவர்களுக்கு ரோடே பதில் சொல்கிறது. "வேகத்தடை" என்ற சொல் எல்லாருக்கும் புரிகிறது. "சுங்கச்சாவடி" புரிகிறது. கொல்லிமலைக்குப் போகும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. "ஹேர்பின் பெண்டு" என்று சொன்னால் விழிக்கிறவர்கூட, "கொண்டை ஊசி வளைவு" என்றதும் ரோட்டைக் கண் முன்னால் பார்த்துவிடுகிறார். பலகையில் எழுதினார்கள். ஜனங்கள் படித்தார்கள். பிறகு பேசினார்கள். அவ்வளவுதான்!

இன்னொரு குறையும் உண்டு. வேலை முடிந்து பல நாள் ஆன பிறகும் "மென் அட் வொர்க்" பலகை நின்றுகொண்டே இருக்கும். "புலி வருது" கதைதான்! பொய் சொல்லும் பலகையை நான்கு நாள் பார்த்தவர் ஐந்தாம் நாள் உண்மை சொல்லும் பலகையையும் நம்ப மாட்டார். வேலை முடிந்த அன்றே பலகையை எடுத்துவிட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே வைக்கவும் வேண்டும்.

வீடுதோறும் ஒரு வகுப்பு

சர்க்கார் செய்யட்டும் என்று அதுவரை காத்திருக்க வேண்டியது இல்லை. தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்புப்படி நூற்றுக்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மீதி 20 பேரும் அந்த வீடுகளில்தானே இருக்கிறார்கள்?

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். ஒரு காகிதத்தில் பலகையின் வடிவத்தை வரையட்டும். உள்ளே இங்கிலீஷ் சொல்லை எழுதட்டும். கீழே தமிழில் அர்த்தம் எழுதட்டும். பாட்டிக்கும் அம்மாவுக்கும் காட்டட்டும். "இது என்ன எழுத்து?" என்று கேட்கக் கூடாது. "இதைப் பார்த்தால் என்ன செய்யணும் பாட்டி?" என்றே கேட்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பது பிறகு வரட்டும். முதலில் செய்கை வரட்டும்.

சிவப்பு வட்டம் என்றால் கட்டளை. முக்கோணம் என்றால் எச்சரிக்கை. நீலச் சதுரம் என்றால் தகவல். எழுத்தே தெரியாதவரும் இந்த மூன்றையும் ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரத்துப் பிள்ளை பலகைகளைப் படித்துச் சொல்லட்டும். வாடகைக் காரில் கல்யாணத்துக்குப் போகும்போது, "டிரைவர் அண்ணாச்சி, ஸ்கூல் வருதுன்னு போர்டு போட்டிருக்கு, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று வீட்டுப் பெண்கள் தைரியமாகச் சொல்லட்டும். நல்ல டிரைவர் கோபிக்க மாட்டார். கோபிக்கிற டிரைவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்!

இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். உத்தியோகம் என்றைக்கோ கிடைக்கட்டும். இந்த இருபது சொற்கள் இன்றைக்கே பலன் தரும்.

அப்பா மாலையில் வீடு திரும்புவதைவிடப் பெரிய பலன் என்ன இருக்கிறது?